விசைப்பலகையும் விளையாட்டும்

தட்டச்சுப் பொறியில் எழுதிப் பழகியவர்க்குக் கணிப்பொறியின் விசைப்பலகை முதலில் சிறிது மயக்கம் தருவது இயல்பே. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை விரலால் அழுத்தினால், அவ்விசையோடு இரும்புக் கம்பியால் பிணைக்கப்பெற்ற அச்செழுத்து எழுந்து சென்று, மை நாடாவின்மேல் மோதித் தாளில் தன் வடிவைப் பதிக்கும். விரலுக்கும் எழுத்துக்கும் இடையே மூன்றாமவர் எவரும் இலர். கணிப்பொறியில் அவ்வாறன்று. விரல் அழுத்துவது ஓரிடம். எழுத்துத் தோன்றுவது வேறோரிடம். இரண்டிற்கும் இடையே பலர் நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியைக் கொண்டு சேர்க்கின்றனர். அவருள் ஒருவர் அச்செய்தியைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டால், எத்துணை முறை அழுத்தினும் விசை ஊமையாகிவிடும். இவ்வுண்மையை நான் நூலில் படித்து அறிந்தேன் அல்லேன். ஒரு மாலைப் பொழுதில் பட்டறிந்தேன்.

ஓய்வு பெற்றபின், இளைய மாணாக்கர்க்கென வேற்றுமை உருபுகளைப் பற்றி எளிய கட்டுரை ஒன்று எழுதத் தொடங்கினேன். அன்று நண்பகல் முதல் பதினொரு பக்கம் கணிப்பொறியில் எழுதி முடித்திருந்தேன். எழுதியதை அவ்வப்போது சேமித்து வைக்கும் பழக்கம் அந்நாளில் எனக்கு இல்லை. எழுதிய எழுத்து எங்கே ஓடிவிடும் என்பது தாளில் எழுதி வளர்ந்தவனின் நம்பிக்கை. மாலையில் நான் காலாற நடந்துவரப் புறப்பட்டபோது, விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் அதே பொறியில் ஒரு விளையாட்டைத் திறந்தான். நான் திரும்பி வந்து பார்த்தபோது, திரை முழுவதும் ஒரு காடு. காட்டின் நடுவே ஒரு வீரன். அவன் ஓங்கிய வாள் ஓங்கியபடியே நின்றது. பேரன் அடுக்களையில் நீர் பருகிக்கொண்டிருந்தான்.

என் கட்டுரையைக் காண வேண்டும் என்ற எண்ணத்தால் எஸ்கேப் விசையை அழுத்தினேன். பயனில்லை. ஆல்ட், டேப் என்னும் இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்லலாம் என்று முன்பு எனக்குக் கற்பித்திருந்தார்கள்; அதனையும் செய்தேன். வாளும் அசையவில்லை, வீரனும் அசையவில்லை. சுட்டியை நகர்த்தினேன், அதுவும் செத்த எலிபோல் கிடந்தது. இனிச் செய்வது யாது? மின்விசையை அணைத்து மீண்டும் ஏற்றுவதே வழி என்று கையை நீட்டினேன்.

"தாத்தா, கை வைக்காதீர்கள்! அணைத்தால் உங்கள் கட்டுரையும் போய்விடும்" என்று கூவிக்கொண்டு பேரன் ஓடி வந்தான். வந்தவன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினான். காடு மறைந்தது. கரிய திரையில் வெள்ளை எழுத்துக்கள் தோன்றி, "பெயர் யாது?" என்னும் பொருள்பட வினவின.

"உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், தாத்தா."

அவன் செவியில் சொன்னேன். அவன் எழுதிய எழுத்துக்களுக்கு ஈடாகத் திரையில் ஒரு புள்ளிகூடத் தோன்றவில்லை. ஆயினும் பொறி ஏற்றுக்கொண்டது. ஒரு கட்டளையால் அவ்விளையாட்டிற்குப் பொறி இட்டிருந்த எண்ணைக் கண்டான். மற்றொரு கட்டளையால் அதனை முடித்தான். அக்கட்டளையின் பெயர் 'கில்' என்பது. ஒலியும் பொருளும் நம் 'கொல்' என்னும் பகுதியோடு ஒத்திருப்பது கண்டு என் மனம் ஒரு கணம் துள்ளியது. ஆயினும் ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றிக்கொண்டு சொல்லாராய்ச்சி செய்தல் தகாது என்று என் ஆசிரியர் பலகாலும் கண்டித்தது நினைவிற்கு வரவே, அடங்கினேன். அவன் மீண்டும் மூன்று விசைகளை அழுத்தினான். என் கட்டுரை நான்காம் வேற்றுமையின் நடுவே, விட்ட இடத்தில் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"நான் அத்தனை விசைகளை அழுத்தியும் கேளாத பொறி, நீ அழுத்தியதை மட்டும் எவ்வாறப்பா கேட்டது?" என்றேன்.

"நீங்கள் அழுத்தியவை எல்லாம் அந்த விளையாட்டினிடமே சென்றன, தாத்தா. விசைப்பலகையை அது தன் பிடியில் வைத்திருந்தது. அதுவோ உணர்விழந்து கிடந்தது. நான் அழுத்தியது அதன் கைக்குப் போகாத விசை."

அவன் கூறிய விடையின் விரிவை ஈண்டுக் காண்போம்.

விசைப்பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட விசைகள் உள்ளன. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் பலகை கம்பிக் காடாகிவிடும். ஆகவே நெடுக்குக் கம்பிகள் சிலவும் குறுக்குக் கம்பிகள் சிலவும் வலைபோல் அமைத்து, அவை சந்திக்குமிடந்தோறும் ஒரு விசையை வைத்துள்ளனர். பலகையினுள்ளேயே இருக்கும் ஒரு சிறு சில்லு, ஒவ்வொரு கம்பியாக நொடிக்குப் பன்முறை தடவிப் பார்த்து, எச்சந்தி இணைந்துள்ளது என்று கண்டுகொள்ளும். கண்டதும் அவ்விசைக்குரிய எண்ணைக் கணிப்பொறிக்கு அனுப்பும். எழுத்தை அன்று, எண்ணை. ஐ.பி.எம். நிறுவனம் 1981-இல் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் 'ஏ' என்னும் விசை அழுந்தினால் 30 என்னும் எண் செல்லும். விரலை எடுத்தால் அதனோடு 128 கூட்டி 158 என்னும் எண் செல்லும். அழுத்தியதற்கு ஒரு செய்தி, விடுத்ததற்கு ஒரு செய்தி என இரண்டு உண்டு என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எழுதுவோர் முன்னதையே பெரிதும் நாடுவர். விளையாடுவோர்க்கு இரண்டும் வேண்டும்.

ஏனெனில், எழுதும்போது ஒரு விசையின்மேல் விரலை எடாமல் வைத்திருந்தால், முதலில் ஓர் எழுத்துத் தோன்றும். சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. பின்னர் அவ்வெழுத்தே வரிசையாகப் பெருகி ஓடும். எழுதுவோர் தவறி ஓர் எழுத்தை இருமுறை எழுதாதிருத்தற்கே அவ்விடைவெளி வைக்கப்பட்டது. இம்முறையை விளையாட்டில் கொண்டால் என்னாகும்? புலி துரத்த ஓட வேண்டிய வீரன், ஓரடி வைத்து, சற்று நின்று சிந்தித்து, அதன்பின் ஓடத் தொடங்குவான். புலி சிந்தித்துக்கொண்டு நில்லாது. ஆதலால் விளையாட்டு நிரல், எழுத்துப் பெருக்கை நம்பாமல், விசை அழுந்தியது எப்போது, விடுபட்டது எப்போது என்னும் இரண்டையும் தானே குறித்துக்கொண்டு, இடைப்பட்ட காலமெல்லாம் வீரனை ஓடச் செய்கிறது.

பலகை எண்ணை மட்டும் அனுப்புகிறது என்றோம். அவ்வெண்ணை எழுத்தாக மாற்றுவது யார்? கணிப்பொறியின் இயங்குதளம். எண்ணுக்கு எழுத்து இதுவென அதனிடம் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலை மாற்றினால் அதே விசை வேறெழுத்தைத் தரும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ் 99 என்னும் அமைப்பில், 'ஏ' விசை நம் அகரத்தைத் தருகிறது. 'எஸ்' இகரத்தையும், 'டி' உகரத்தையும், 'டபிள்யூ' ஈகாரத்தையும் தருகின்றன. உயிரெழுத்துக்களை இடக்கைக்கும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பகுத்தளித்த அழகிய அமைப்பு அது. இப்போது விளையாட்டிற்கு வருவோம். கணிப்பொறி விளையாட்டுக்கள் பலவற்றில் முன்செல்ல 'டபிள்யூ', இடப்புறம் செல்ல 'ஏ', பின்செல்ல 'எஸ்', வலப்புறம் செல்ல 'டி' என்னும் நான்கு விசைகளே வழங்குகின்றன. இவை எழுத்தின் பொருட்டுத் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல. இடக்கையின் மூன்று விரல்கள் இயல்பாகப் படியும் இடம் என்பதனால் தெரிந்தெடுக்கப்பட்டவை. எழுத்தை எதிர்பார்க்கும் விளையாட்டு, தமிழ் எழுதும் முறை இயங்கும் பொறியில் 'முன்செல்' என்பதற்கு ஈகாரம் வரக் கண்டு விழித்து நிற்கும். பிரெஞ்சு நாட்டு விசைப்பலகையிலும் இதே தொல்லை. அங்கே 'டபிள்யூ' இருக்கும் இடத்தில் 'இசட்' உள்ளது. 'ஏ' இருக்கும் இடத்தில் 'கியூ' உள்ளது. எனவே நன்கு எழுதப்பட்ட விளையாட்டு எழுத்தைக் கேளாது. இடத்தைக் குறிக்கும் எண்ணையே கேட்கும். என் பேரன் என் பொறியில் ஆடும்போது, அவன் வீரன் உயிரெழுத்துக்களின்மீதே நடக்கிறான் என்று சொல்லிச் சிரிப்பேன்.

இனி, அவ்வெண் சென்று சேரும் இடத்தைக் காண்போம். பழைய கணிப்பொறிகளில் டாஸ் என்னும் இயங்குதளம் வழங்கிற்று. அதில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே முன்னின்று ஆளும். விசை அழுந்தியதும் பலகை, பொறியின் செயலகத்திற்குக் கதவைத் தட்டுவதுபோல் ஒரு குறிப்பு விடுக்கும். இதற்குக் குறுக்கீடு என்று பெயர். செயலகம் தான் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, நினைவகத்தின் தொடக்கத்திலுள்ள அட்டவணையில் ஒன்பது என்னும் எண்ணுக்கு நேரே யாருடைய முகவரி எழுதப்பட்டுள்ளது என்று பார்க்கும். இயல்பாக அங்கே பொறியின் உடன்பிறந்த சிறு நிரல் ஒன்றின் முகவரி இருக்கும். அந்நிரல் வந்து எண்ணைப் பெற்று, எழுத்தாக்கி, ஒரு சிறு பெட்டியில் இட்டு வைக்கும். அப்பெட்டியில் 15 விசைகளுக்கே இடமுண்டு. அது நிறைந்தபின்னும் அழுத்தினால் பொறி 'பீப்' என்று ஒலியெழுப்பி மறுக்கும். விரைந்து ஆடும் விளையாட்டிற்கு இப்பெட்டி எவ்வாறு போதும்?

ஆகவே அக்கால விளையாட்டு எழுதுவோர் ஒரு துணிந்த செயல் செய்தனர். அட்டவணையில் ஒன்பதாம் எண்ணுக்கு நேரே இருந்த முகவரியை எடுத்துத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் தம் விளையாட்டின் முகவரியை எழுதிவிட்டனர். 1993 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த டூம் என்னும் புகழ்பெற்ற விளையாட்டும் இவ்வழியினதே. அதன்பின் விசைப்பலகை கதவைத் தட்டினால் திறப்பது விளையாட்டே. இயங்குதளத்திற்குச் செய்தியே செல்லாது. விளையாட்டு முடியும்போது பழைய முகவரியை மீண்டும் அவ்விடத்தில் எழுதிவிட்டு வெளியேற வேண்டும். எழுத மறந்தாலும், எழுதும் முன்பே மாண்டாலும், பொறி செவிடாகிவிடும். அந்நாளில் அதனால் பெருங்கேடில்லை. பின்னே காத்திருக்கும் வேறொரு நிரல் இல்லையாதலால், பொறியை அணைத்து ஏற்றினால் போதும்.

பல நிரல்கள் ஒருங்கே இயங்கும் காலம் வந்தபின் நிலைமை மாறியது. ஒருபுறம் கட்டுரை, ஒருபுறம் கணக்கு, ஒருபுறம் இசை எனப் பல சாளரங்கள் திறந்திருக்க, அழுத்திய விசை எதற்கு உரியது? அரண்மனை வாயிலில் நிற்கும் வாயிலோனைப்போல் இயங்குதளமே விசைச் செய்திகளை எல்லாம் முதலில் பெற்று, அவ்வேளையில் எச்சாளரம் முன்னிற்கிறதோ அதனிடம் சேர்ப்பிக்கும் முறை ஏற்பட்டது. அன்றியும், சில விசைகளை வாயிலோன் எவரிடமும் சேர்ப்பியாமல் தனக்கென வைத்துக்கொள்வான். சாளரம் மாற்றும் ஆல்ட், டேப் கூட்டு அவற்றுள் ஒன்று. 1994-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விசைப்பலகை ஒன்றில் புகுத்திய விண்டோஸ் விசை மற்றொன்று.

இந்த விண்டோஸ் விசை விளையாடுவோரை அலைக்கழித்த கதை பெரிது. கண்ட்ரோல் விசைக்கும் ஆல்ட் விசைக்கும் நடுவே அதற்கு இடம் அளித்தனர். அவ்விரண்டும் விளையாட்டில் அடிக்கடி வேண்டப்படுவன. போர் மும்முரமாக நடக்கும்போது விரல் சற்றே வழுக்கினால், விண்டோஸ் விசை அழுந்தி, பட்டியல் ஒன்று எழுந்து நிற்கும். முழுத்திரை விளையாட்டு சுருங்கி மூலையில் ஒதுங்கும். திரும்பி வருவதற்குள் வீரன் வீழ்ந்திருப்பான். முழுத்திரையாக விரிந்த விளையாட்டு விசைப்பலகையையும் தானே முழுவதும் பெற்றுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. திரையை மூடுதல் வேறு. விசையைப் பிடித்தல் வேறு. முன்னது கண்ணுக்குத் திரையிடுவது. பின்னதற்கு வாயிலோனிடம் தனியே உரிமை பெற வேண்டும்.

அவ்வுரிமை பெறும் வழிகள் விண்டோஸ் இயங்குதளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1995-இல் டைரக்ட் இன்புட் என்னும் கருவித் தொகுதி வந்தது. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, பலகை அனுப்பும் எண்ணை எழுத்தாக்காமல் அவ்வாறே நிரலிடம் தரும் வழியை அளித்தது. இவற்றினும் வலியது கொக்கி எனப்படுவது. பெயருக்கேற்ப, விசைச் செய்தி உரியவரிடம் செல்லும் வழியில் ஒரு நிரல் கொக்கியை மாட்டி வைத்து, வரும் செய்திகளை எல்லாம் முதலில் தான் பார்க்கலாம், வேண்டாதவற்றை விழுங்கிவிடலாம். விண்டோஸ் விசையை விளையாட்டுக்கள் செயலறச் செய்வது பெரும்பாலும் இக்கொக்கியால்தான். பிறர் அழுத்தும் கடவுச்சொற்களை ஒளிந்திருந்து குறித்துக்கொள்ளும் கயமை நிரல்களுள் பலவும் இதே கொக்கியைத்தான் கைக்கொள்கின்றன என்பதையும் சொல்லாமல் விடுதற்கில்லை. கொக்கி மாட்டிய நிரல் உரிய காலத்திற்குள் விடை கூறாவிடின், விண்டோஸ் அதற்குக் காத்திராமல் செய்தியை மேலே செலுத்திவிடும். அந்த அளவிற்கேனும் வாயிலோன் விழிப்பாக இருக்கிறான்.

எக்கொக்கிக்கும் சிக்காத கூட்டு ஒன்று விண்டோஸில் உண்டு. அது கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்பது. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பொறியை உருவாக்கிய பொறியாளருள் ஒருவரான டேவிட் பிராட்லி, பொறியை அணையாமலே மீண்டும் தொடங்குதற்கு இக்கூட்டை அமைத்தார். அறியாமல் அழுந்திவிடக் கூடாது என்பதற்காகவே, ஒரு கையால் எட்டாதவாறு பலகையின் இருபுறத்தும் உள்ள விசைகளைத் தெரிந்தெடுத்தார். 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. இதற்கு வேறொரு பணி தந்தது. ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே புகுமுன் இம்மூன்று விசைகளையும் அழுத்த வேண்டும் என்பது அதன் விதி. காரணம் யாது? வஞ்சகன் ஒருவன் உண்மையான நுழைவுத் திரையைப்போலவே ஒரு பொய்த் திரையை முழுத்திரையாக விரித்து வைத்து, வருவோரின் கடவுச்சொல்லைத் திருடலாம். ஆனால் இம்மூன்று விசைகளின் கூட்டை இயங்குதளத்தைத் தவிர வேறு எந்த நிரலாலும் பெற இயலாது. ஆகவே அதனை அழுத்தியதும் பொய்த் திரை ஒதுங்க, மெய்த் திரை தோன்றும். எத்துணை இறுகப் பிடித்த விளையாட்டும் இதன்முன் பிடியைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

விசைகளைப் பிடிக்கும் உரிமை பிறரைத் துன்புறுத்தும் இடமும் ஒன்று உண்டு. ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால், விண்டோஸ் ஒலியெழுப்பி, ஒட்டும் விசைகள் என்னும் வசதி வேண்டுமா என்று வினவும். ஒரே வேளையில் இரு விசைகளை அழுத்த இயலாதவர்க்கென ஏற்பட்ட வசதி இது. விண்டோஸ் 95 முதல் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. இதனை இயக்கினால், ஷிப்ட் விசையை ஒருமுறை தட்டிக் கையை எடுத்துவிட்டு, பின்பு எழுத்தைத் தட்டலாம். இரண்டும் சேர்ந்தனவாகக் கொள்ளப்படும். ஷிப்ட் விசையால் வீரனை விரைந்து ஓடச் செய்யும் விளையாட்டுக்காரருக்கோ இவ்வினா நடுப்போரில் வந்து நிற்கும் இடையூறு. ஆகவே விளையாட்டுக்கள் இதனை அடைத்துவிடுகின்றன. அடைப்பது குற்றமன்று, முடியும்போது திறந்து விடாமல் போவதே குற்றம்.

என் நண்பர் ஒருவர், ஓவிய ஆசிரியராய் இருந்தவர், வாத நோயால் இடக்கை வலிமை இழந்தவர். ஒட்டும் விசைகளின் துணையால்தான் வலக்கை ஒன்றைக் கொண்டு மடல்கள் எழுதி வந்தார். ஒருநாள் அவர் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய விளையாட்டொன்று நடுவே முறிந்து வீழ்ந்தது. அதன்பின் அவர் எத்தனை முறை தட்டினும் ஷிப்ட் ஒட்டவில்லை. கைதான் இன்னும் தளர்ந்துவிட்டது போலும் என்று அம்முதியவர் எண்ணி வருந்தியிருக்கிறார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொறியை மறுமுறை தொடங்கியபின் வசதி மீண்டது. இத்தகைய இடையூற்றை முன்னுணர்ந்தே, விளையாட்டு எழுதுவோர்க்கு மைக்ரோசாப்ட் தந்துள்ள வழிகாட்டுதல், ஐந்து தட்டலுக்கு எழும் வினாவை மட்டும் விளையாட்டு நடக்கும்வரை அடைக்கச் சொல்கிறது. வசதி முன்பே இயக்கப்பட்டிருந்தால் ஒருவர் அதனை உண்மையில் பயன்படுத்துகிறார் என்று கொண்டு தொடாமல் விடும்படி காட்டுகிறது. முடிவில் பழைய நிலையை மீட்கவும் சொல்கிறது. மூன்றும் சில வரிகளில் எழுதக்கூடியவை. நண்பர் வீட்டில் முறிந்த விளையாட்டை எழுதியவர் அச்சில வரிகளை எழுதியிருப்பின், ஒரு முதியவர் தம் கையை நொந்துகொண்டிருக்க மாட்டார்.

என் வீட்டுப் பொறியில் வழங்குவது லினக்ஸ். அதில் சாளரங்களை ஆண்டு வந்தது எக்ஸ் என்னும் அமைப்பு. 1984-இல் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றி, 1987-இல் பதினோராம் பதிப்பை எய்தியது அது. அவ்வமைப்பில், ஒரு நிரல் விசைப்பலகையைத் தனக்கே தருமாறு கேட்கலாம். வேறொருவர் பிடியில் அது இல்லையாயின் உடனே கிடைத்துவிடும். கிடைத்தபின் எல்லா விசைகளும் அதற்கே. சாளரங்களை மாற்றித் தரும் நிரலும் எக்ஸின் கண்ணுக்கு மற்றுமொரு நிரலே ஆதலால், ஆல்ட், டேப் அழுத்திய செய்தியும் அதனிடம் செல்லாமல் விளையாட்டினிடமே செல்லும். திரையைப் பூட்டும் நிரலுக்கும் இதே கதி. பூட்டுதற்கு அதுவும் விசைப்பலகையைப் பிடிக்க வேண்டும்; முன்பே ஒருவர் பிடித்திருந்தால் பூட்ட இயலாது திரும்பிவிடும். ஒரு பட்டியலைத் திறந்தபடி விட்டுச் சென்றதனால் திரை பூட்டப்படாமலே கிடந்த பொறிகளும் உண்டு.

பிடித்த நிரல் நலமாக இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. அது உணர்விழந்தால்தான் இடர். பிடித்த கை மரத்துப்போயிற்று. ஆனால் பிடி தளரவில்லை. அன்று என் எஸ்கேப்பும், ஆல்ட், டேப்பும் அம்மரத்த கையிலேதான் வீழ்ந்தன. பேரன் அழுத்திய கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 என்பதோ, எந்த நிரலுக்கும் பகுத்தளிக்கும் முன்னரே எக்ஸ் தானாகவே பார்த்து நிறைவேற்றும் கூட்டு. அது சாளரங்களுக்கு அப்பாற்பட்ட மற்றொரு கரிய திரைக்கு வழி திறக்கும். அங்கிருந்து விளையாட்டை முடித்தவுடன், அதன் பிடியும் உடன் அற்றுப்போயிற்று. விளையாட்டை எழுதியவர் பிடியைக் கேட்டது விளையாடுவோர் நலங்கருதியே. அப்பிடியின் பின்னே ஒருவரின் பதினொரு பக்கம் சேமிக்கப்படாமல் கிடக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்திலர். சேமியாமல் எழுந்து சென்றவனும் குற்றமற்றவன் அல்லன்; அதனையும் ஒப்புக்கொள்கிறேன்.

எக்ஸின் இவ்வியல்பு கண்டு, 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் வேலண்டு என்னும் புதிய அமைப்பைத் தொடங்கினார். அதில் எந்த நிரலும் விசைப்பலகையைத் தானே சென்று பற்ற இயலாது. "எனக்கு எல்லா விசைகளும் வேண்டும்" என்று திரையை ஆளும் நிரலிடம் விண்ணப்பிக்க மட்டுமே இயலும். கொடுப்பதும் மறுப்பதும், கொடுத்ததை மீண்டும் பெறுவதும் திரையை ஆள்வோன் உரிமை. க்னோம் என்னும் சூழலில் அவ்விண்ணப்பம் பொறிக்கு உரியவரிடமே கேட்கப்படுகிறது.

சென்ற கோடை விடுமுறையில் பேரன் வந்து என் பொறியைப் புதிய பதிப்பிற்கு மாற்றினான். மாற்றியபின் விளையாட்டு ஒன்றைத் திறந்தான். காடு விரியுமுன் ஒரு சிறு சாளரம் எழுந்து, இவ்விளையாட்டு எல்லாக் குறுக்கு விசைகளையும் தனக்கே கேட்கிறது, தரலாமா என்று வினவியது. மீண்டும் விடுவிக்க வேண்டுமாயின் விண்டோஸ் விசையையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துக என்னும் குறிப்பும் அதன்கீழ் இருந்தது.

"தரலாமா, தாத்தா?" என்றான்.

"சற்றுப் பொறு" என்று சொல்லிக் கட்டுரையைச் சேமித்தேன். பின்னர் அவ்விரு விசைகளின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, பலகையின் ஓரத்தில் ஒட்டி வைத்துவிட்டு, "இனித் தரலாம்" என்றேன்.